தூக்குவாளியில் வந்த தரை

எனக்குப் பத்து வயது ஆகும்வரை எங்கள் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் இறங்கித்தான் போக வேண்டும். மற்ற ஊர்களில் வீட்டுக்குப் படி ஏறுவார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இறங்குபடிதான். வீடுகளைக் கட்டிக் கொடுத்தவர்கள் வேண்டுமென்று குழியில் கட்டவில்லை. கண்மாய்க்குப் பக்கத்தில் யாருக்கும் வேண்டாத தாழ்வான இடமாகப் பார்த்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ரோடு போட வந்தவர்கள் பழைய ரோட்டைப் பேர்க்காமல் அதற்கு மேலேயே புது ரோட்டைப் போட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து இரண்டு தடவை போட்டார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போனது. வீடு வளரவில்லை.

மழைத் தண்ணீர் வாசலில் நின்று யோசிக்காது. நேராக அடுப்பு வரைக்கும் வரும். எங்கள் பக்கம் கரிசல் மண். வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் இட்லி மாவு மாதிரி உப்பும். மழை விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் பாயைச் சுருட்டினால் அடியில் தரை கறுத்து ஈரமாகக் கிடக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். ஜன்னல் ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும்.

அந்தத் தரையில் படுத்துப் படுத்து எனக்கு இளைப்பு வந்தது. இப்போது வீசிங் என்கிறார்கள். படுத்தால் மூச்சு விட முடியாது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டே தூங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடிக்கிற விளையாட்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காதது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. நான் யாரிடமும் பேசாத பிள்ளை. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

எனக்கும் சேர்த்துப் பேச வீட்டில் ஒருத்தி இருந்தாள், என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அத்தைக்கு இருபது வயது இருக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்களை "வாங்க, வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று தெரு முனையிலேயே கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். யாராவது என்னைப் பார்த்து, "ஏலே, எத்தனாப்புப் படிக்க?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சாப்பு. கணக்கு வரும், தமிழ் வரும், பேச்சு மட்டும் வராது" என்று அவளே சொல்லி முடித்துவிடுவாள்.

சிவகாசியில் ஒரு டாக்டரிடம் அம்மாவும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என் முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார். எங்கே படுக்கிறேன், தரை எப்படி, ஜன்னல் எத்தனை என்று கேட்டார். உடம்பைப் பார்க்கச் சொன்னால் இவர் வீட்டைப் பார்க்கிறாரே என்று அம்மாவுக்குச் சந்தேகம். கடைசியில் அவர் சொன்னார்:

"ஊசி போடுறேன், இன்னைக்குக் கேக்கும். ஆனா நாளைக்கும் இவன் அதே தரையிலதானம்மா படுப்பான்? முதல்ல தரைய ஒசத்துங்க. ஈரம் ஏறாத மண்ணாப் போட்டு ஒசத்துங்க. இல்லேன்னா மாசா மாசம் இங்கதான் வரணும்."

வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சொன்னதும் அப்பா தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் அது அவரால் முடியாத காரியம் என்று அர்த்தம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் தூக்குகிறவர். கரிசலைப் போட்டுத் தரையை உயர்த்த முடியாது, அடுத்த மழையிலேயே உப்பிச் சுவரைத் தள்ளிவிடும். செம்மண் வேண்டும், சரளை கலந்த செம்மண். எங்கள் ஊரில் அது கிடையாது. தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். லாரி மண் எங்கள் தெருவுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"மதினி, செம்மண்ணுதான வேணும்?" என்றாள் அத்தை. "எங்க ரூமுக்குப் பின்னாலதான் மலையாட்டம் சும்மா கிடக்கே."

"அது யாரு அப்பன் வீட்டு மண்ணு?" என்றாள் அம்மா.

"யாரு அப்பன் வீட்டு மண்ணா இருந்தா என்ன? பிள்ளை மூச்சு விடணும்ல?"

அத்தை வேலை பார்த்தது ஊருக்குக் கிழக்கே இருந்த பட்டாசு ஆபீஸில். ஆபீஸ் என்றால் நாற்காலி மேஜை போட்ட இடம் இல்லை. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் வாசல். எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். நடுநடுவே வேப்பமரங்கள். யாரோ வீடு கட்டி விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தையைக் கூப்பிட நான் அந்த கேட்டுக்குப் போய் நிற்பேன். நாலு வாசல் வைத்த அந்த அறைகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒதுக்குப்புறமாக ஓர் அறை இருந்தது. அங்கேதான் வெடிமருந்து கலப்பார்கள். ஒரே ஓர் ஆளுக்குத்தான் அங்கே வேலை. அந்த அறைக்கும் அத்தையும் இன்னும் மூன்று பெண்களும் திரி செருகுகிற அறைக்கும் நடுவில் ஒரு மண்மேடு. ஆள் உயரத்துக்கும் மேலே, பிறை நிலா மாதிரி வளைந்து, முழுக்கச் செம்மண். அந்தக் கறுத்த காட்டில் அது ஒன்றுதான் சிவப்பு.

அந்த மேடு எதற்கு என்று பெண்களிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது. முதலாளி பங்களா கட்டக் கொண்டுவந்து போட்டது என்பாள் ஒருத்தி. கண்மாய் உடைந்தால் தண்ணீர் வராமல் இருக்க என்பாள் இன்னொருத்தி. நாம் வேலை செய்யாமல் வாய் பார்ப்போம் என்றுதான் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பாள் அத்தை. போர்மேன் சொல்வது ஒன்றே ஒன்று, "மேட்டுல ஏறக்கூடாது." ஏன் என்று கேட்டால், "ஏறக்கூடாதுன்னா ஏறக்கூடாது." இப்படிப் பல கூடாதுகள் அங்கே உண்டு. கொலுசு கூடாது, நைலான் சேலை கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது. விதிகள் மட்டும் எங்கள் தெரு வரைக்கும் வந்தன. காரணங்கள் முதலாளி வீட்டிலேயே தங்கிவிட்டன.

போன மாதம் நான் வேலை பார்க்கிற அச்சகத்தில் பட்டாசு ஆலைகளில் மாட்டுவதற்கு ஒரு படம் அடித்தோம். மடித்துக் கட்டுவது என் வேலை. அதில் ஓர் அறை, பக்கத்தில் ஒரு மண்கரை, அதற்கு அந்தப் பக்கம் இன்னோர் அறை. முதல் அறை வெடிக்கிறது. அதிலிருந்து கிளம்புகிற சிவப்பு அம்புக்குறி கரையில் மோதி, அடுத்த அறைக்குப் போகாமல் மேலே வானத்துக்குப் போகிறது. விஷயம் எனக்கு எப்போதோ தெரியும். ஆனாலும் அது இவ்வளவு சுலபமா, ஒரு கோட்டிலும் ஓர் அம்புக்குறியிலும் அஞ்சாம் வகுப்புப் படித்தவனுக்கு விளங்குகிற மாதிரி இதைச் சொல்லிவிட முடியுமா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் என்ன ஏது என்று கேட்காமல் திட்டினார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆபீஸ் கேட்டில் வாச்மேனாக இருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும், வெளியே வருகிறவர்கள் மருந்து எடுத்து வருகிறார்களா என்று பார்ப்பதும் அவர் வேலை. பெண்கள் மதியக் கஞ்சி கொண்டுபோகிற தூக்குவாளியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அத்தை முதன்முதலில் மண் எடுத்து வந்த சாயங்காலம் நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"என்ன கொழுந்தியா, வாளி கனக்குது?"

"கஞ்சி மிச்சம்."

மாமா மூடியைத் திறந்தார். "கஞ்சி செவந்து போய்க் கிடக்கு."

"கேப்பக் கஞ்சி."

"கேப்பயில எம்புட்டுக் கல்லு!"

"வாச்மேன் சரியா இருந்தா கல்லு எப்படி உள்ள வரும் மச்சான்?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தையைக் கட்டிக்கொள்வது என்று மாமாவுக்கு எண்ணம் இருந்தது ஊருக்கே தெரியும். அத்தைக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை வாய். மாமா முகத்தை அதிகாரமாக வைத்துக்கொண்டு, "யாருக்கு?" என்றார்.

"உங்க மருமகனுக்குத்தான். அந்தா கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான் பாருங்க, மூச்சு வாங்கிக்கிட்டு. தரைய ஒசத்தணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

மாமா என்னைப் பார்த்தார். மூடியைப் போட்டு, வாளியை அவரே தூக்கி அத்தையின் கையில் கொடுத்தார். "மருந்து கொண்டு போனாப் பிடிக்கணும்னு சொல்லியிருக்காக. மண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். தான் ஒரு பெரிய சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமை.

ஒரு வாளி மண் எவ்வளவு வரும்? தரையில் கொட்டினால் பூனை படுக்கிற இடம்கூட நிறையவில்லை. அப்பா அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். மறுநாள் அத்தை தன் அறையிலிருந்த மூன்று பேரிடமும் சொன்னாள். அதற்கு மறுநாள் எங்கள் தெருவிலிருந்து அந்த ஆபீஸுக்குப் போகிற மற்ற பதினோரு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் திருவிழாதான். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து, குனிந்து, வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துவார். நான் மேலே ஏறி மிதிப்பேன்.

"ஏலே, இந்த மூலை என் மண்ணு. இதுல துப்புனேன்னு வையி, ஆபீஸ்ல இருந்தே எனக்குத் தெரிஞ்சுபோகும்" என்பாள் ஒருத்தி.

"என் மகளத்தான் நீ கட்டணும். அவ நடக்கத்தான் நான் சுமக்கேன்" என்பாள் இன்னொருத்தி. அவளுக்கு அப்போது மகளே கிடையாது. மூன்றும் பையன்கள்.

நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அத்தை அங்கிருந்தபடியே எனக்காகப் பதில் சொல்வாள்: "முதல்ல மகளப் பெறு. அதுக்குள்ள தரை காயட்டும்."

மாசியில் தொடங்கியது ஆடியில் முடிந்தது. முடிகிறவரை மண் எப்படி எடுக்க வேண்டும் என்பதிலும் மாமாவின் யோசனை இருந்தது. முதலாளியின் கார் வருகிற பக்கத்தில் மேட்டைத் தொடக்கூடாது, அறைப் பக்கமாகவே சுரண்ட வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள். காரில் வருகிறவர்களுக்கு மேடு போட்ட நாளில் போட்ட மாதிரியே தெரிந்தது. பின்பக்கம் கொய்யாப்பழத்தைக் கடித்த மாதிரி இருந்தது.

ஆடி மாதம் அப்பா சாணி போட்டு மெழுகி முடித்தார். அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குள் ஏறிப் போனோம். அம்மா மூன்று தடவை வெளியே வந்து மூன்று தடவை ஏறினாள். ஒரு வாரத்தில் நான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். என் மூச்சுச் சத்தம் கேட்காததால் பயந்து அம்மா என்னைத் தட்டி எழுப்பிப் பார்த்தாளாம். அந்தத் தரைக்கு மேல் இப்போது சிமெண்டும் டைல்ஸும் வந்துவிட்டன. அடியில் அதே மண்தான். இளைப்பு திரும்பி வரவில்லை.

எங்கள் தரையைப் பார்த்து அடுத்த வீட்டிலும் ஆரம்பித்தார்கள். அங்கேயும் ஈரத்தில் படுக்கிற பிள்ளை இருந்தது. அதற்கடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்காவது மூச்சோ முழங்காலோ வலித்துக்கொண்டுதான் இருந்தது. புரட்டாசிக்குள் அத்தையின் அறைக்கு நேரே மேடு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் குறையைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை. மாறாக, அத்தையின் அறையிலிருந்த நாலு பேருக்கும் ஒரே சந்தோஷம். அதுவரை அந்த மேடு மேற்குக் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் மதினி ரூமுக்குள்ள காத்து வருது. வேர்வையே இல்ல" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். காற்று வருகிற வாசலிலேயே தன் பலகையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். "மருந்து கலக்குற அண்ணாச்சி இருக்காகல்ல, இத்தன வருசமாப் பக்கத்துலயே வேலை பார்க்கோம், இப்பத்தான் அவுக மொகத்தப் பார்க்கேன். அங்கன இருந்துக்கிட்டே 'என்ன தாயி, சாப்பிட்டீகளா?'ன்னு கேக்காக. நல்ல மனுசன்." அந்த மனிதரின் முகம் தெரிந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

தீபாவளிக்கு முந்திய சீசன். ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். புரட்டாசியில் ஒரு நாள், வெயில் சுட்டெரித்த ஒரு முற்பகலில், நாங்கள் வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். முதலில் தரை உதறியது. மேஜையில் சாக்பீஸ் துண்டுகள் குதித்தன. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. மேலே ஓடுகள் சரிந்து தூசி கொட்டியது. வாத்தியார் எழுதிக்கொண்டிருந்த கையை இறக்காமல் அப்படியே நின்றார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெடிச் சத்தத்தின் திசை தெரியும். யாரும் யாரையும் கேட்கவில்லை. எழுந்து கிழக்கே ஓடினோம். நானும் ஓடினேன். மூச்சு இளைக்கவில்லை.

கேட்டில் மாமா இரண்டு கையாலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பிடிக்கத் தேவையே இல்லை, கதவு ஏற்கெனவே திறந்தபடி சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. பெண்கள் தலைவிரி கோலமாக வெளியே வந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் உள்ளே போகாதே என்று சொல்லவில்லை.

மருந்து கலக்கிற அறை இடிந்து கிடக்கவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. அது இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கார் வருகிற பக்கம் மேடு கொஞ்சமும் கலையாமல், ஒழுங்காக, சிவப்பாக நின்றது. இந்தப் பக்கம், குடைந்த பள்ளத்துக்கு நேரே, அத்தையின் அறைச் சுவரில் பாதி இல்லை. உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் காது கேட்காமல், முகமெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு எழுந்து வந்துவிட்டார்கள். காற்றுக்காக வாசலில் உட்கார்ந்தவள் மட்டும் எழுந்து வரவில்லை. இரண்டு பேர் ஒரு பலகையில் எதையோ சேலையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை எனக்குத் தெரிந்தது. காலையில் கொடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது நான்தான். அம்மா எங்கிருந்தோ வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்தார்கள். அப்பா அத்தையை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மாமா முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அம்மா என் கையில் கடை இட்லி கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அவரையும் தெருப் பெண்களையும் விசாரிப்பதற்காக வேலி ஓரத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி பெரிய காகிதத்தை விரித்து வைத்து அதையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல கரை முழுசா இருக்கு. இங்க பாதியக் காணோம்" என்றார்.

"மழையில கரைஞ்சிருக்கும் சார்" என்றார் போர்மேன்.

"மழை ஒரு பக்கம் மட்டுமா பெய்யும்?"

அதிகாரி தன்னோடு வந்தவரிடம்தான் அடுத்ததைச் சொன்னார், எங்களிடம் சொல்லவில்லை. "வெடிச்சா கல்லும் நெருப்பும் மேல போகட்டும்னுதான்யா இதைப் போடுறது. இது முழுசா இருந்திருந்தா அந்த ரூம்ல ஒரு பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

வேலி ஓரத்தில் நின்ற பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. அடிவயிற்றில் மிதிபட்டால் வருகிற மாதிரி ஒரு சத்தம். அதிகாரி திரும்பி, "மண்ணை யாரு எடுத்தா?" என்றார். அப்புறம் இட்லிப் பொட்டலத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, நீ யாரு?" என்றார். நான் மாமாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். எனக்காகப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாமாவின் கை என் தலைமேல் வந்து விழுந்தது. பசியாக்கும் என்று பொட்டலத்தை நீட்டினேன். அதிகாரி சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. கரை என்று அவர் சொன்னது அங்கே இருக்கிற ஏதோ ஒன்று. எங்கள் வீட்டுத் தரை எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. துணியால் முழுக்கச் சுற்றியிருந்தார்கள். முகத்தைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நடுவீட்டில் கிடத்திய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தின் முதல் பெரிய மழை. தெருவில் தண்ணீர் முதலில் கணுக்கால் அளவுக்கு ஓடியது, அப்புறம் தேங்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் உள்ளே அத்தையைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அச்சங்குளத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அழுகைக்கு நடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்ல தரையாப் போட்டிருக்கீக. வெளியில இம்புட்டுத் தண்ணி, உள்ள ஒரு ஈரம் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாள். தரையில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்த அம்மா, சுட்டுவிட்ட மாதிரி கைகளை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள். பதினோரு பேரும் சேர்ந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் வாசலில் நின்று, ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். தூக்கிய காலைத் தரையில் வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். பின்வாங்கிப் போய்த் தெருத் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். இரண்டாவது வந்தவளும் உட்கார்ந்தாள். மூன்று பையன்களைப் பெற்றவளும் உட்கார்ந்தாள். பதினோரு பேரும் மார்பில் மழை அடிக்க, இடுப்புச் சேலை தண்ணீரில் மிதக்க, சேற்றில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தியும் வாய்விட்டு அழவில்லை. மாமா எதிர்ச் சுவர் ஓரத்தில் நின்றார். அவர் வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்பது எனக்குத் திடீரென்று தோன்றியது. எங்கள் வீட்டில் ஆட்களை வாங்க என்று கூப்பிடுவது அத்தைதான். அம்மாவுக்கு அந்த நினைப்பு இருக்காது. அப்பா தூணில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். நான்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

தெருவில் இறங்கி முதல் ஆளிடம் போனேன். "உள்ள வாங்க சித்தி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்தவளிடம் போனேன். "உள்ள ஈரமே இல்ல. வந்து உக்காருங்க." அவள் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு பேரிடமும் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பேரிடம் நானாகப் போய்ப் பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான். ஒருத்தியும் எழவில்லை.

கடைசியில் மாமாவிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நீங்களாவது வாங்க. எம்புட்டு மழை பெஞ்சாலும் நம்ம வீட்டுக்குள்ள வராது. அத்தை கொண்டாந்த மண்ணு மாமா, கெட்டியா இருக்கு."

மாமா சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு நல்ல தரையை வைத்துக்கொண்டு இவர்கள் எல்லோரும் ஏன் சேற்றில் கிடக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மழைச் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை போல என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் சத்தமாக மறுபடியும் கூப்பிட்டேன்.